கேள்வி கேட்கத் தெரிந்த மேதை மகலனோபிஸ்

நம் நாட்டில் ஏழைகள் எத்தனை பேர்?

இதற்கு விடை தெரிந்தால்தான் அரசாங்கம் திட்டம் போட முடியும். ரேஷனுக்கு அரிசி எவ்வளவு வேண்டும், எந்த ஊருக்கு உதவி வேண்டும் என்று தீர்மானிக்க முடியும்.

விடையைத் தெரிந்துகொள்ள வீடு வீடாகப் போகிறார்கள். என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு செலவு ஆயிற்று என்று கேட்கிறார்கள். பதிலை எழுதிக்கொண்டு வந்து கூட்டிப் பார்க்கிறார்கள்.

இங்கேதான் ஒரு விந்தை இருக்கிறது.

2011-12-ம் ஆண்டில் இந்தியாவில் இந்தக் கேள்வியை வேறு வேறு விதமாகக் கேட்டார்கள். ஒரு விதமாகக் கேட்டுக் கிடைத்த பதில்களை வைத்து உலக வங்கி கணக்குப் போட்டது. 100 பேரில் 21 பேர் பரம ஏழைகள் என்று வந்தது. இன்னொரு விதமாகக் கேட்டுக் கிடைத்த பதில்களை வைத்துக் கணக்குப் போட்டது. 100 பேரில் 12 பேர்தான் என்று வந்தது.

நாடு ஒன்று. ஆண்டு ஒன்று. வறுமைக் கோடும் ஒன்று. மாறியது கேள்வி மட்டுமே!

அந்த ஒரு மாற்றத்தில், 10 கோடிக்கும் அதிகமானவர்கள் ஏழைகள் பட்டியலில் இருந்து மறைந்து போனார்கள். அவர்கள் வீட்டுப் பானையில் ஒரு பிடி அரிசி கூடக் கூடவில்லை.

கேள்வி என்பது நெல் அளக்கும் மரக்கால் போன்றது. மரக்கால் மாறினால் கணக்கு மாறும். இந்த உண்மையை 1950-களிலேயே சோதித்துப் பார்த்தவர் ஒருவர் உண்டு. அவர்தான் பிரசாந்த சந்திர மகலனோபிஸ்.

இந்தியாவின் புள்ளிவிவரத் துறையை உருவாக்கிய மேதை அவர். அவர் பிறந்த ஜூன் 29-ந் தேதி, 2007-ம் ஆண்டு முதல் தேசியப் புள்ளியியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

சீர்திருத்தக் குடும்பம்

மகலனோபிஸ் 1893-ம் ஆண்டு கல்கத்தாவில் பிறந்தார். அவருடைய தாத்தா குருசரண், பிரம்ம சமாஜத்தில் சேர்ந்த சீர்திருத்தவாதி. ஊர் எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் ஒரு விதவையை மணந்துகொண்டவர். அவர் தொடங்கிய பள்ளிக்கூடத்திலேயே பேரனும் படித்தான்.

பிறகு கல்கத்தா பிரெசிடென்சி கல்லூரியில் பௌதிகம் படித்தார். அங்கே அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர்களில் ஒருவர், உலகப் புகழ் பெற்ற விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸ்.

1913-ல் மேல் படிப்புக்காக இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். லண்டனில் படிப்பதுதான் அவர் எண்ணம். ஒரு நாள் கேம்பிரிட்ஜைச் சுற்றிப் பார்க்கப் போனார். கிங்ஸ் கல்லூரியின் அழகில் மயங்கி நின்றார். கடைசி ரெயில் போய்விட்டது! இரவு ஒரு நண்பர் வீட்டில் தங்கினார். மறு நாள் அந்தக் கல்லூரியிலேயே இடம் கேட்டுச் சேர்ந்துவிட்டார்.

கும்பகோணத்து நண்பர்

அடுத்த ஆண்டு கேம்பிரிட்ஜுக்கு ஒரு தமிழர் வந்து சேர்ந்தார். கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை ராமானுஜன்தான் அவர். இருவரும் நண்பர்கள் ஆனார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றாக நடந்து போவார்கள்.

குளிர் தொடங்கிய சமயம். மகலனோபிஸ் ஒரு நாள் ராமானுஜன் அறைக்குப் போனார். இரவில் குளிர் தாங்குகிறதா என்று விசாரித்தார். தாங்கவில்லை என்றும், கோட்டைப் போட்டுக்கொண்டு சால்வையைப் போர்த்திக்கொண்டு படுப்பதாகவும் ராமானுஜன் சொன்னார்.

போர்வை இல்லையோ என்று நினைத்து மகலனோபிஸ் படுக்கையைப் போய்ப் பார்த்தார். கட்டில் நிறையக் கம்பளிகள் இருந்தன! அந்த நாட்டு வழக்கப்படி அவற்றை மெத்தையோடு சேர்த்து இறுகச் செருகியிருந்தார்கள். அவற்றை விலக்கி உள்ளே புகுந்து படுக்க வேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரியவில்லை. கம்பளிகளுக்கு மேலேயே படுத்திருக்கிறார். மகலனோபிஸ் எப்படிப் படுப்பது என்று செய்து காட்டினார்.

போர்வை இருக்கிறதா என்று மட்டும் கேட்டிருந்தால் இருக்கிறது என்ற பதில் வந்திருக்கும். குளிருக்குக் குறைவில்லை. கேட்பதோடு நிறுத்தாமல் பார்க்கவும் வேண்டும். இந்தப் பழக்கம் மகலனோபிஸிடம் கடைசி வரை இருந்தது.

கப்பலில் படித்த புத்தகம்

1915-ல் பௌதிகத்தில் முதல் வகுப்பில் தேறினார். சில காலம் தாய்நாட்டில் இருந்துவிட்டுத் திரும்பலாம் என்று புறப்பட்டார். அப்போது முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. கப்பல் தாமதமாயிற்று.

காத்திருந்த நேரத்தில் கல்லூரி நூலகத்தில் பொழுது போக்கினார். ஆசிரியர் ஒருவர், பயோமெட்ரிகா என்ற பத்திரிகையின் தொகுதிகளைக் காட்டினார். உயிர்களை அளந்து, எண்களாக எழுதி, அந்த எண்களில் இருந்து உண்மையை எடுக்கும் புதிய கலை அதில் இருந்தது. தொகுதிகள் அத்தனையையும் விலைக்கு வாங்கினார். கப்பலில் படித்துக்கொண்டே வந்தார். ஊர் வந்து சேர்வதற்குள் அவர் வாழ்க்கையின் வழி மாறிவிட்டது.

இங்கிலாந்துக்குப் படிக்கத் திரும்பவில்லை. பிரெசிடென்சி கல்லூரியிலேயே பௌதிக ஆசிரியர் ஆனார். பகலில் பாடம். மற்ற நேரம் எல்லாம் புள்ளிவிவரம்.

1922-ல் வட வங்காளத்தில் பெரு வெள்ளம் வந்தது. வெள்ளத்தைத் தேக்கப் பெரிய நீர்த்தேக்கங்கள் கட்டலாம் என்று யோசனை வந்தது. மகலனோபிஸ் 50 ஆண்டு மழைக் கணக்கை எடுத்துப் பார்த்தார். தேக்கம் கட்டிப் பயனில்லை, தண்ணீர் சீக்கிரம் வடிய வழி செய்வதே தேவை என்று காட்டினார்.

1923-ல் நிர்மலகுமாரியை மணந்தார். பெண்ணின் தந்தைக்குச் சம்மதம் இல்லை. மகலனோபிஸின் தாய்மாமன் முன்னின்று திருமணத்தை நடத்தி வைத்தார். இந்தத் தம்பதி மகாகவி தாகூருக்கு மிகவும் நெருக்கமானவர்கள். 1926-ல் தாகூர் ஐரோப்பாவில் சுற்றுப்பயணம் செய்தபோது கூடவே போனார்கள்.

1931 டிசம்பரில் மகலனோபிஸ் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கினார். கல்லூரியில் அவர் இருந்த அறைதான் நிறுவனம்! முதல் ஆண்டுச் செலவு 250 ரூபாய்க்கும் குறைவு. இன்று அந்த நிறுவனத்துக்குச் சென்னை உள்படப் பல ஊர்களில் கிளைகள் இருக்கின்றன.

அந்தக் காலத்தில், பள்ளிப் பிள்ளைகளின் அறிவுத்திறனை அளக்க வங்காள மொழியில் வினாத்தாள்கள் தயாராகி வந்தன. அந்த வினாத்தாள்களை எவ்வளவு தூரம் நம்பலாம் என்றும் மகலனோபிஸ் ஆராய்ந்தார்.

வட்டத்தின் ஓரம்

அப்போது வங்காளத்தின் செல்வம் சணல். எவ்வளவு நிலத்தில் சணல் பயிராகிறது என்பது யாருக்கும் சரியாகத் தெரியாது. எல்லா வயலையும் அளக்க ஆள் போட்டால் செலவு கட்டுப்படி ஆகாது.

பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்களே, அதுதான் மகலனோபிஸ் கண்ட வழி. 1937-ல் வேலையைத் தொடங்கினார். அங்கும் இங்குமாகச் சில இடங்களைத் தேர்ந்தெடுத்து அளந்தார். நம் விருப்பப்படி தேர்ந்தெடுக்கக் கூடாது, குலுக்கல் முறையில்தான் எடுக்க வேண்டும் என்பது விதி. அப்படிச் செய்தால் குறைந்த செலவில் நம்பத்தக்க கணக்குக் கிடைக்கும் என்று காட்டினார்.

நெல் விளைச்சலையும் இப்படி மதிப்பிட்டார்கள். வயலில் ஒரு வட்டம் போடுவார்கள். வட்டத்துக்குள் இருக்கும் கதிரை மட்டும் அறுத்து நிறுப்பார்கள்.

இதில் ஓர் அதிசயம் தெரிந்தது. வட்டம் மிகச் சிறியதாக இருந்தால் விளைச்சல் அதிகமாகத் தெரிந்தது! காரணம் என்ன? வட்டத்தின் ஓரத்தில் நிற்கும் பயிர் உள்ளே சேர்ந்ததா, வெளியே சேர்ந்ததா என்ற சந்தேகம் வரும். அறுப்பவர் அதையும் உள்ளே சேர்த்து அறுத்துவிடுவார். பெரிய வட்டத்தில் இந்த ஓரப் பயிரால் பெரிய வித்தியாசம் இல்லை. சின்ன வட்டத்திலோ கணக்கே கெட்டுவிடும்.

யாரும் பொய் சொல்லவில்லை. பொய் கணக்கு வந்தது. அளக்கும் முறையே பிழையை உண்டாக்கியது.

கணக்கு எடுக்கும் ஆளாலும் பிழை வரும். அதைக் கண்டுபிடிக்க மகலனோபிஸ் ஓர் ஏற்பாடு செய்தார். ஒரே பகுதிக்கு இரண்டு கோஷ்டிகளைத் தனித்தனியாக அனுப்பினார். ஒரு கோஷ்டிக்கும் மற்றதற்கும் தொடர்பு கிடையாது. இரண்டு கணக்கும் ஒத்து வந்தால் நம்பலாம். ஒத்து வராவிட்டால் எங்கோ கோளாறு இருக்கிறது.

வாரமா, மாதமா?

நாடு விடுதலை பெற்றது. மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்ற முழு விவரம் கையில் இல்லை. 1949-ல் மகலனோபிஸ் மத்திய மந்திரி சபையின் புள்ளிவிவர ஆலோசகர் ஆனார். பிரதமர் நேருவின் ஆதரவு அவருக்கு இருந்தது. 1950-ல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு பிறந்தது.

இமயமலை அடிவாரம் முதல் கன்னியாகுமரி வரை ஆட்கள் போனார்கள். ஊருக்கு ஊர் மொழி வேறு. ஊருக்கு ஊர் அளவை வேறு. எழுதப் படிக்கத் தெரியாத மக்களிடம், வரவு செலவுக் குறிப்பு எதுவும் இல்லாதவர்களிடம், நினைவை நம்பியே கேட்க வேண்டியிருந்தது.

போன வாரம் எவ்வளவு அரிசி சாப்பிட்டீர்கள் என்று கேட்பதா? போன மாதம் எவ்வளவு என்று கேட்பதா?

வாரம் என்று கேட்பதே நல்லது என்றுதான் யாருக்கும் தோன்றும். நேற்று நடந்தது நினைவு இருக்கும். போன மாதத்தில் நடந்தது மறந்து போகும் அல்லவா?

மகலனோபிஸ் தோன்றியதை நம்பவில்லை. சோதித்துப் பார்த்தார். 1950-களின் தொடக்கத்தில் மேற்கு வங்காளக் கிராமங்களில் வாரக் கணக்கும் கேட்டார்கள். மாதக் கணக்கும் கேட்டார்கள். கேட்டதோடு நிற்கவில்லை. உணவுப் பொருளைத் தராசில் வைத்து நிறுத்தும் பார்த்தார்கள்.

வாரம் என்று கேட்டால் சாப்பாடு அதிகமாக வந்தது. மாதம் என்று கேட்டால் குறைவாக வந்தது. அரிசி, பருப்பு போன்றவற்றில் தராசுக்கு அருகில் வந்தது மாதக் கணக்குதான்!

இதுவும் வட்டத்தின் ஓரக் கதைதான். எட்டு நாளைக்கு முன் சமைத்ததும் போன வாரம் சமைத்ததாகவே மனசுக்குப் படும். ஏழு நாள் கணக்கில் ஒரு நாள் தவறிச் சேர்ந்தால் ஏழில் ஒரு பங்கு பிழை. முப்பது நாள் கணக்கில் ஒரு நாள் தவறிச் சேர்ந்தால் முப்பதில் ஒரு பங்குதான் பிழை.

ஆனால் எல்லாப் பொருளுக்கும் இது பொருந்தாது. கீரை, பழம், மீன், டீக்கடைச் செலவு ஆகியவை ஒரு மாதத்தில் மறந்தே போகும். அவற்றை வாரக் கணக்கில் கேட்பதே நல்லது. துணிமணியை ஆண்டுக் கணக்கில் கேட்க வேண்டும். 2022-23-ம் ஆண்டில் நடந்த குடும்பச் செலவுக் கணக்கெடுப்பில் இப்படித்தான் பொருளுக்கு ஒரு காலமாகப் பிரித்துக் கேட்டார்கள்.

மகலனோபிஸ் மறைந்த பிறகு, 1999-2000-ம் ஆண்டில் ஒரு குழப்பம் நேர்ந்தது. உணவைப் பற்றிய வாரக் கேள்வியையும் மாதக் கேள்வியையும் ஒரே வீட்டில் பக்கத்தில் பக்கத்தில் கேட்டார்கள். ஒரு பதில் மற்றொரு பதிலைப் பாதித்தது. முன்பு சொன்னதோடு ஒத்துப்போக வேண்டும் என்று நினைப்பது மனித இயல்பு. அந்த ஆண்டில் கிடைத்த வறுமைக் கணக்கை முந்தைய கணக்கோடு ஒப்பிடலாமா என்று நிபுணர்கள் பல ஆண்டுகள் வாதாடினார்கள்.

கீரப்பாளையத்தில் கேட்டால்?

சிதம்பரத்தை அடுத்த கீரப்பாளையத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே ஒரு கூலித் தொழிலாளி வீட்டுக்குக் கணக்கெடுப்பவர் போகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

போன மாதம் எவ்வளவு அரிசி வாங்கினீர்கள் என்று கேட்கிறார். 5 கிலோ என்கிறார் அந்த வீட்டு அம்மாள். அவர் சொன்னது உண்மை. கடையில் காசு கொடுத்து வாங்கியது அவ்வளவுதான். ரேஷனில் இலவசமாக வந்த அரிசியை அவர் சொல்லவில்லை. அறுவடைக் கூலியாக வந்த நெல்லையும் சொல்லவில்லை. அவை வாங்கியவை அல்லவே! வாங்கினீர்களா என்பதை விட்டுவிட்டுச் சாப்பிட்டீர்களா என்று கேட்டிருந்தால் எல்லாம் வெளியே வந்திருக்கும்.

வீட்டில் எத்தனை பேர் என்ற கேள்வியும் எளிதல்ல. சென்னையில் வேலை பார்க்கும் மகனைத் தாய் சேர்த்துக்கொள்வாள். தனியாகச் சமைத்துச் சாப்பிடும் மாமியாரை ஒரே கூரைக்குள் இருந்தாலும் மருமகள் சேர்க்கமாட்டாள். ஆகவேதான் கணக்கெடுப்பில், வழக்கமாகச் சேர்ந்து வாழ்ந்து ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்களே ஒரு குடும்பம் என்று விதி வைத்தார்கள்.

எத்தனை ஏக்கர் என்று கேட்டால் விவசாயி காணியில் பதில் சொல்வார். காணியை ஏக்கர் என்று எழுதினால் நிலம் குறைந்துவிடும். ஒரு காணி ஒரு ஏக்கரைவிடப் பெரியது.

இன்னொரு கேள்வி, பெண்களுக்கு அநியாயம் செய்த கேள்வி. 1961 மக்கள் தொகைக் கணக்கெடுப்பில், பெண் கொஞ்ச நேரம் வேலை செய்தாலும் அவள் தொழிலாளியாக எண்ணப்பட்டாள். நாடு முழுவதும் ஏறத்தாழ 6 கோடி பெண் தொழிலாளர்கள் என்று வந்தது. 1971-ல் முக்கியமான வேலை எது என்று கேட்டார்கள். நாற்று நடுவாள், களை எடுப்பாள், மாடு பார்ப்பாள். ஆனால் முக்கியமான வேலை என்றால் வீட்டு வேலை என்றே சொல்வாள். பெண் தொழிலாளர் எண்ணிக்கை ஏறத்தாழ 3 கோடியாக இறங்கிவிட்டது!

பத்து ஆண்டில் 3 கோடிப் பெண்கள் வேலையை விட்டுவிடவில்லை. கேள்விதான் அவர்களை விட்டுவிட்டது.

மனசை அளக்கும் கேள்வி

அரிசியை அளப்பதிலேயே இவ்வளவு சங்கடம் என்றால், மனசை அளப்பது எவ்வளவு கடினம்! அரிசிக்கு ஒரு தராசு இருக்கிறது. கவலைக்குத் தராசு இல்லை. கேள்விதான் தராசு.

இன்று மருத்துவமனையிலும் கல்லூரியிலும் வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்திலும் மனசை அளக்கும் வினாத்தாள்களைக் கொடுக்கிறார்கள். உங்களுக்கு மன நோய் அறிகுறி உண்டா என்று கேட்டால், இல்லை என்று பலர் பதறிச் சொல்வார்கள். ராத்திரியில் தூக்கம் வருகிறதா, சாப்பாடு பிடிக்கிறதா, மனசு பாரமாக இருக்கிறதா என்று கேட்டால் அவர்களே மனம் திறந்து பேசுவார்கள். முதல் கேள்வி அளந்தது வெட்கத்தை. இரண்டாவது கேள்வி அளந்தது துன்பத்தை.

எனக்குக் கவலை இல்லாமல் இல்லை என்பது போன்ற வாசகத்துக்கு ஆமாம், இல்லை என்று பதில் எழுதச் சொன்னால் படித்தவர்களே திண்டாடுவார்கள். அங்கே அளக்கப்படுவது கவலை அல்ல, வாசிக்கும் திறமை. எதற்கும் ஆமாம் போடும் மரியாதைக்காரர்களும் இருக்கிறார்கள். எல்லா வாசகமும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால், அங்கே அளக்கப்படுவது அவர்களுடைய மரியாதை.

வெளிநாட்டு வினாத்தாளைத் தமிழில் அப்படியே பெயர்த்தால் போதாது. சொல் மாறினால் கேள்வி மாறும். கேள்வி மாறினால் அளக்கப்படும் பொருளே மாறிவிடும்.

கடைசி நாட்கள்

1945-ல் லண்டன் ராயல் சொசைட்டி மகலனோபிஸைத் தன் உறுப்பினராக ஏற்றுக்கொண்டது. நாட்டின் இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்தை வகுத்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. கனரகத் தொழிலுக்கு அவர் கொடுத்த முதலிடத்தைக் குறை சொன்னவர்களும் உண்டு. 1968-ல் பத்ம விபூஷண் விருது கிடைத்தது.

அவர் பெற்று வளர்த்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு, 1970-களின் தொடக்கத்தில் அவருடைய நிறுவனத்தை விட்டு அரசாங்கத்தின் நேர் நிர்வாகத்துக்குப் போயிற்று. 1972 ஜூன் 28-ந் தேதி அவர் கல்கத்தாவில் காலமானார். மறு நாள் அவருக்கு 79 வயது நிறைந்திருக்கும்.

அவர் தொடங்கிய கணக்கெடுப்பு நிற்கவில்லை. கையில் கருவியோடு இன்றும் வீடு வீடாக ஆட்கள் போகிறார்கள்.

உங்கள் வீட்டுக்கும் ஒரு நாள் வரலாம். அவர் வாரக் கணக்குக் கேட்கிறாரா, மாதக் கணக்குக் கேட்கிறாரா, வாங்கியதா, சாப்பிட்டதா என்று தெளிவாகக் கேட்டுக்கொண்டு பதில் சொல்லுங்கள். வயல் வேலைக்குப் போகும் பெண்கள், வீட்டு வேலையோடு அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கேள்வி புரியவில்லை என்றால் திரும்பக் கேட்பதில் தவறே இல்லை. நீங்கள் சொல்லும் ஒரு பதில், உங்களைப் போன்ற பல்லாயிரம் குடும்பங்களுக்காகச் சொல்லும் பதில்!